ஒரே மாதிரி திட்டுறதுக்குப் பேரு நியாயம் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒரு பெரியவர் எழுதியிருந்தாரு, இந்தக் காலத்து கோச்சுங்க புள்ளைங்களைக் கொஞ்சிக்கிட்டு இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு மாதிரி பேசுறாங்க, எங்க காலத்துல எங்க பி.டி. சாருக்கு ஒரே பார்வை ஒரே விசில் ஒரே பிரம்பு, பண்ணையார் வீட்டுப் புள்ளையா இருந்தாலும் கூலிக்காரன் வீட்டுப் புள்ளையா இருந்தாலும் அடி ஒண்ணுதான், அதுக்குப் பேருதான் நியாயம்னு. படிச்சதுல இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. அவர் சொல்றதுல பாதி எனக்கும் புரியுது, ஏன்னா நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம். போன்ல டைப் பண்றேன், பேத்தி பக்கத்துல உக்காந்து கால் எழுத்து கொம்பு எல்லாம் திருத்துறா, தப்பு இருந்தா பொறுத்துக்கங்க, நீளமா இருந்தா வெட்டிப் போடுங்க.

நான் 1987ல அரசுப் பள்ளியில உடற்கல்வி ஆசிரியையா சேந்து 2019ல ரிட்டயர்டு ஆனவ. 32 வருஷம். இப்ப சாயங்காலம் எங்க ஊரு கோயிலுக்குப் பின்னாடி இருக்கற பொட்டல்ல பொண்ணுங்களுக்குக் கபடி சொல்லித் தர்றேன், 20 பேருக்குக் கிட்ட வருவாங்க, மேட் எல்லாம் கிடையாது மண்ணுதான், மேட்டைப் பாக்கணும்னா மாவட்டப் போட்டிக்குத்தான் போகணும். இன்னமும் என்னை மிஸ்னுதான் கூப்பிடுதுங்க.

முதல்ல என் தப்பைச் சொல்லிடுறேன். 1996ல ஒரு மாவட்ட மேட்ச். என் டீம்ல ரைட் கார்னர், அதாவது வலது ஓரத்துல நின்னு ஆடுன பொண்ணு, ஆள் நல்ல உயரம், கணுக்கால் பிடி போட்டா பாடி வர்ற ரெய்டர் அசைய முடியாது, ஆனா அன்னிக்கு மூணு தடவை அவளுக்கு அடுத்த இடமான 'இன்'ல ஆடுனவ "வை வை"ன்னு கத்துறா இவ கல்லு மாதிரி நிக்குறா, ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டி பாயிண்ட் எடுத்துட்டுப் போறா. நான் வெளிய இருந்து தொண்டை கிழியக் கத்துறேன், இவ திரும்பிக்கூடப் பாக்கல. திமிருன்னு நெனச்சேன். டைம் அவுட்ல மொத்த டீமும் சுத்தி நிக்க, எதிர் டீம் கேக்க, அவ அப்பாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாக்க, என் வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டுனேன். எல்லாரையும் திட்டுற மாதிரிதான் திட்டுனேன், அவளுக்குன்னு கூடக் குறைய எதுவும் இல்ல, அந்தப் பெரியவர் சொல்ற நியாயம் என்கிட்ட அன்னிக்கு நூத்துக்கு நூறு இருந்துச்சு. மறுநாள்ல இருந்து அவ கிரவுண்டுக்கு வரல. நானும் போய்க் கேக்கல, போனா போறான்னு விட்டுட்டேன்.

பத்துப் பன்னெண்டு வருஷம் கழிச்சு ரேஷன் கடை வரிசையில அவ அம்மாவைப் பாத்தேன். பேச்சுவாக்குல சொன்னாங்க, அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே இடது காதுல சீழ் வடிஞ்சு வடிஞ்சு கேக்காதுங்க மிஸ், கிளாஸ்ல கேலி பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தான்னு. எனக்கு மண்ணெண்ணெய் டின்னு கையில இருந்து நழுவிடுச்சு.

கபடி ஆடுனவங்களுக்குப் புரியும் இது எவ்ளோ சின்ன விஷயம்னு. ரைட் கார்னர்ல நிக்கறவளுக்கு மொத்த டீமும் இடது பக்கம்தான் இருக்கும், சத்தம் எல்லாம் இடது காதுக்குத்தான் வரும். அதே பொண்ணை லெப்ட் கார்னருக்கு மாத்தியிருந்தா டீம் முழுசும் அவளோட நல்ல காது பக்கம் வந்திருக்கும். அவ்ளோதான். ஒரு இடம் மாத்துறது. அதுக்கு நான் தெரிஞ்சிருக்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், அது தெரியணும்னா நான் கேட்டிருக்கணும், கேக்கணும்னா அவளுக்கு என்கிட்ட சொல்லலாம்னு தோணியிருக்கணும். எல்லாருக்கும் ஒரே விசில் ஊதுறேன்னு பெருமைப்பட்டவ நான், விசில் கேக்காத ஒருத்தி டீம்ல இருக்கலாம்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

அதுக்கப்புறம் ஒரேடியா மாறிட்டேன்னு சொல்லமாட்டேன். கொஞ்சம் கொஞ்சமாத்தான். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குனேன். முதல் வாரம் ஒவ்வொருத்திகிட்டயும் தனியா கேப்பேன், நீ தப்பு பண்ணா உனக்கு எப்படிச் சொல்லணும், அங்கேயே சத்தமா சொல்லவா, இல்ல ஆட்டம் முடிஞ்சு ஓரமா கூப்பிட்டுச் சொல்லவான்னு. நிறைய பேரு தோள குலுக்கிட்டுப் போயிடுங்க. சொல்ற பதிலும் பாதி உண்மையா இருக்காது. "என்னை நல்லாத் திட்டுங்க மிஸ், அப்பத்தான் வரும்"னு ரொம்ப வீரமா சொன்னவ முதல் சத்தத்துலயே கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டா. அதனால கேக்குறது ஒரு ஆரம்பம்தான், அப்புறம் பாத்துக்கிட்டே இருக்கணும். திட்டுனப்புறம் அடுத்த ரெய்டு எப்படிப் போறா, கோட்டுக்கிட்டயே சுத்திட்டு வந்துடுறாளா இல்ல உள்ள இறங்குறாளா, அதுதான் உண்மையான பதில்.

அக்கா தங்கச்சி ரெண்டு பேரு ஒரே சமயத்துல என்கிட்ட ஆடுனாங்க, ஒரே வீடு, ஒரே சோறு, ஒன்றரை வயசுதான் வித்தியாசம். அக்காகாரியைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலே ஒடம்பு விறைச்சுக்கும், அவளுக்கு எதையும் மத்தவங்க காதுல விழாம சொல்லணும், சொல்லிட்டு ரெண்டு நாள் விட்டுடணும், மூணாவது நாள் தானா செஞ்சு காட்டுவா. நான் நல்லது பண்றதா நெனச்சுக்கிட்டு தங்கச்சிக்கும் அதே மாதிரி மெதுவா சொல்லிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் அந்தச் சின்னது வந்து மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு கேட்டுச்சு பாருங்க, "ஏன் மிஸ் என்னை மட்டும் திட்ட மாட்றீங்க, நான் உருப்பட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" எனக்கு சிரிப்பு ஒரு பக்கம் அதிர்ச்சி ஒரு பக்கம். அவளைப் பொறுத்தவரைக்கும் மிஸ் சத்தம் போட்டா மிஸ்ஸுக்கு என் மேல அக்கறை இருக்குன்னு அர்த்தம், அமைதியா பேசுனா கைய கழுவிட்டாங்கன்னு அர்த்தம். ஆக, அன்பா பேசுறதுதான் எப்பவும் சரின்னு சொல்ற கூட்டத்துலயும் நான் இல்லீங்க.

அதே மாதிரி சொல்லித் தர்ற விதமும். கணுக்கால் பிடி சொல்லித் தரும்போது முட்டியை இவ்ளோ மடக்கு, இடுப்பைக் கீழ இறக்கு, பெருவிரலை இப்படி வைன்னு ஒடம்பு உறுப்பு ஒவ்வொண்ணா சொன்னா பல பேருக்கு இருக்கறதும் போயிடும், எந்தக் காலு எந்தக் கைன்னு தடுமாறி நிக்குங்க. அதையே "கெணத்துல வாளி பாரமா இருக்கு, கயித்தைப் பிடிச்சு உன் பக்கம் இழு"ன்னு சொன்னா டக்குனு வந்துரும். இது என் சொந்தக் கண்டுபிடிப்புன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன், அப்புறம் என் மருமகன் ஒரு கட்டுரை படிச்சுக் காட்டுனாரு, காப்ரியேலே வுல்ஃப்னு ஒரு அம்மா 1998லயே பனிச்சறுக்கு மாதிரி ஒரு மெஷின்ல ஆளுங்களை நிக்க வச்சு சோதனை பண்ணியிருக்காங்க, உன் காலைக் கவனின்னு சொன்னவங்களை விட காலுக்கு வெளிய, அந்த மெஷினோட சக்கரத்தைக் கவனின்னு சொன்னவங்க சீக்கிரம் கத்துக்கிட்டாங்களாம். அதுக்கப்புறம் எத்தனையோ விளையாட்டுல திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்க. சரி நம்ம கெணத்து வாளிக்கு வெளிநாட்டுல சாட்சி இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். ஆனா அங்கயும் ஒரு பொண்ணு வந்து நிப்பா, வாளி கயிறு எல்லாம் வேணாம் மிஸ், ஏன் கணுக்காலைப் பிடிச்சா ஆளு விழுறான்னு சொல்லுங்கன்னு. அவளுக்கு ஒடம்போட வெயிட்டு எங்க இருக்கு, எந்தக் காலு ஊனியிருக்கு, எது காத்துல இருக்குன்னு மண்ணுல குச்சியால படம் போட்டுக் காட்டுனாத்தான் ஏறும். ஏறிடுச்சுன்னா மத்த 19 பேருக்கும் அவளே சொல்லிக் குடுத்துருவா. அவளைத்தான் பின்னாடி கேப்டனாப் போட்டேன். ஆட்டத்துல அவளை விட நல்லா ஆடுறவ ரெண்டு பேர் இருந்தாங்க, ஆனா யார்கிட்ட எப்படிப் பேசணும்னு அவளுக்குத்தான் தெரியும், ஒருத்திகிட்ட கண்ணைக் காட்டுவா, ஒருத்தி முதுகுல ஒண்ணு வைப்பா, ஒருத்திகிட்ட ஒண்ணுமே பேசாம தண்ணி பாட்டில மட்டும் நீட்டுவா. 30 விநாடி டைம் அவுட்ல 7 பேர்கிட்ட நான் ஒருத்தி என்னத்த பேசிற முடியும், கேப்டன் இப்படி இருந்தாத்தான் கதை நடக்கும்.

எங்க பக்கம் ஸ்பின்னிங் மில்லு நெறைய, வடக்க இருந்து வேலைக்கு வந்த குடும்பங்க புள்ளை குட்டியோட தங்கியிருக்காங்க. அப்படி ஒடிசாவுல இருந்து வந்த குடும்பத்துப் பொண்ணு ஒண்ணு மூணு வருஷம் முன்னாடி தானா வந்து கோட்டுக்கு வெளிய நின்னுச்சு. தமிழ் நாலு வார்த்தை. ஆனா என்ன ஒரு வேகம்! நான் கத்துற எதுவும் அதுக்குப் புரியல, பக்கத்துல நிக்கறவ "மேல போகாத, பின்னாடி வா"ன்னு கத்துனா இது மேல போய் அவுட் ஆகும், மத்த புள்ளைங்க எரிச்சல் ஆவாங்க. கடைசியில கேப்டனும் அதுவும் சேந்து கை ஜாடை வச்சுக்கிட்டாங்க, தொடையில ரெண்டு தட்டு தட்டுனா பின்னாடி வா, முழங்கையைத் தொட்டா கை கோத்து மடக்குற செயின் போடப் போறோம், இப்படி ஆறோ ஏழோ. அது ஒருத்திக்காக ஆரம்பிச்சது, ஒரு மாசத்துல மொத்த டீமும் அதுக்கு மாறிடுச்சு, ஏன்னா சத்தம் போட்டா ரெய்டருக்கும் கேக்குமே, ஜாடை கேக்காதுல்ல. அந்த வருஷம் ஒன்றிய அளவுப் போட்டியில எதிர் டீம் மிஸ் என்கிட்ட வந்து உங்க புள்ளைங்க ஏன் இவ்ளோ அமைதியா ஆடுதுன்னு கேட்டாங்க. எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1996 ரைட் கார்னர் பொண்ணுதான். இந்த ஜாடை அன்னிக்கே இருந்திருந்தா அவளும் ஆடியிருப்பா.

இப்ப கிரிக்கெட்டுக்கு வர்றேன், எனக்கு அது பெருசா பிடிக்காது, எங்க வீட்டுக்காரருக்கு உசுரு. நான் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பிச்சாலே அவர் 1981க்குப் போயிடுவாரு. இங்கிலாந்து டீமுக்கு மைக் பிரியர்லின்னு ஒரு கேப்டன், பேட்டிங் சுமார்தான், டெஸ்ட்ல ஒரு சதம் கூடக் கிடையாது, ஆனா ஆளுங்களைப் படிக்கத் தெரிஞ்சவரு. ஹெடிங்லி டெஸ்ட்ல ஆஸ்திரேலியா 401 அடிக்க இங்கிலாந்து 174ல சுருண்டு ஃபாலோ ஆன். கேப்டன் பதவிய அப்பத்தான் விட்டுட்டு நொந்து போயிருந்த இயான் போத்தமை இவர் தடவிக் குடுக்கல, கேலி பண்ணி உசுப்பேத்துனாராம், ஓடி வர்றதுல நடுவுல ஒரு தடுமாற்றம் இருக்குன்னு பட்டப்பேரு வச்சு வம்புக்கு இழுத்தாராம், ஏன்னா போத்தமுக்குக் கோபம் வந்தாத்தான் பந்து பேசும். அதே டெஸ்ட்ல பாப் வில்லிஸ்னு ஒரு வேகப்பந்து வீச்சாளர், நோ பால் நோ பால்னு பயந்துக்கிட்டு தனக்குள்ளயே சுருங்கிப் போயிருந்தவரு, அவர்கிட்ட கேலி கிண்டல் எதுவும் இல்ல, நோ பாலைப் பத்திக் கவலைப்படாத, வேகமா நேரா போடு, அவ்ளோதான் சேதி. போத்தம் 149 நாட் அவுட். வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். 130 அடிச்சா போதும்னு இறங்குன ஆஸ்திரேலியா 111ல ஆல் அவுட், 18 ரன்ல இங்கிலாந்து ஜெயிச்சுது. ஒரே டீம், ஒரே மேட்ச், ஒரே கேப்டன், ரெண்டு பேர்கிட்ட ரெண்டு பாஷை. அவர் பின்னாடி மனோதத்துவ சிகிச்சை குடுக்கறதையே தொழிலா எடுத்துக்கிட்டாருன்னா பாத்துக்கங்க.

நம்ம இந்தியா டீம்லயும் பாத்தோமே. கிரெக் சாப்பல் 2005ல கோச்சா வந்தாரு, ஆட்டத்தைப் பத்தின அறிவுல அவரைக் குறை சொல்லவே முடியாது, ஆனா கேப்டனா இருந்த கங்குலியைப் பத்தி போர்டுக்கு எழுதுன மெயில் வெளிய வந்து நாறுச்சு, சீனியர் ஜூனியர்னு டீம் ரெண்டா நின்னுச்சு, 2007 உலகக் கோப்பையில முதல் ரவுண்டோட மூட்டை கட்டுனோம். சச்சின் அந்த சமயத்துல தன்னோட மனப்பான்மையையே கோச் சந்தேகப்பட்டது வலிச்சுச்சுன்னு வெளிப்படையாவே சொன்னாரு. அப்புறம் 2008ல கோச்சா வந்த கேரி கிர்ஸ்டன் ரொம்பப் பேசவே மாட்டாரு, ஒவ்வொருத்தரும் என்ன நெனைக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டு, நெட்ஸ்ல மணிக்கணக்கா பந்து எறிஞ்சுக்கிட்டு இருந்தாரு. விளையாட்டையே விட்டுறலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்த சச்சின் 2011 கோப்பையில நம்ம டீம்லயே அதிக ரன் அடிச்சவரு. இதுல கோச் மட்டுமே காரணம்னு சொன்னா எங்க வீட்டுக்காரரு சண்டைக்கு வருவாரு, தோனி இல்லையா யுவராஜ் இல்லையான்னு. சரிதான். ஆனா சாப்பல் சொன்ன விஷயத்துல பாதி சரியாவே இருந்திருக்கலாம், சொன்ன விதத்துல அந்த சரியும் சேந்து செத்துப் போச்சு, அதைத்தான் நான் சொல்ல வர்றேன்.

இன்னொரு பக்கம் ஒரு கொடுமை நடக்குது, அதையும் சொல்லணும். புள்ளைங்க ஒவ்வொருத்தரும் வேற வேறன்னு நான் சொன்னா உடனே ஆமா மிஸ் நாங்க டெஸ்டே எடுத்துட்டோம்னு ஃபைலைத் தூக்கிட்டு வர்றாங்க. விரல் ரேகை வச்சு மூளையை அளக்குறோம்னு ஒருத்தர் ஒரு பள்ளிக்கூடத்துல வந்து சில ஆயிரம் ரூபா வாங்கிக்கிட்டு கலர் கலரா ரிப்போர்ட் குடுத்துட்டுப் போயிருக்காரு, உங்க பொண்ணு கேட்டுக் கத்துக்கிற டைப்பு, பாத்துக் கத்துக்கிற டைப்பு இல்லன்னு. அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, நான் செஞ்சு காட்டும்போது வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்குது. ஏன்டின்னா, "நான் காதால கத்துக்கிற டைப்பு மிஸ், பாத்தா எனக்கு வராது"ங்குது! கபடியைக் காதால எப்படிம்மா கத்துக்கிறது? 2008ல அமெரிக்காவுல மனோதத்துவப் பேராசிரியருங்க நாலு பேரு சேந்து, இந்த டைப்பு பாத்து அதுக்கேத்த மாதிரி பாடம் நடத்துனா நல்லா வரும்ங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் எங்கயாவது இருக்கான்னு வெளிவந்த ஆராய்ச்சியை எல்லாம் அலசிட்டு, அந்தக் காசைக் கொட்டுற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுதான் எழுதியிருக்காங்க. அது அமெரிக்கா, இங்க என்னடான்னா கட்டை விரலை அமுத்தச் சொல்லி ரிப்போர்ட் வருது. கம்பெனிங்கள்லயும் இதே கதைதான்னு என் மருமகன் சொல்றாரு, ஆளுங்களை நாலு எழுத்துல நாலு கலர்ல பிரிச்சு வச்சுக்கிட்டு நீ சிவப்பு உன்கிட்ட சுருக்கமா பேசணும், நீ பச்சை உன்கிட்ட குசலம் விசாரிச்சுட்டுப் பேசணும்னு டிரெயினிங் நடக்குதாம். சிவப்பு ஆளுக்கு வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல்னா அன்னிக்கு அவரு என்ன கலருன்னு யாரு பாப்பா?

எங்க பள்ளிக்கூடத்துல இருந்த தமிழ் ஐயா, காலமாயிட்டாரு, ஸ்டாஃப் ரூம்ல ஒரு நாள் இதைப் பத்தி நான் புலம்புனப்ப சொன்னாரு, நன்னூல்லயே மாணாக்கரை வகை பிரிச்சிருக்கு டீச்சர்னு. அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டுற நெய்யரின்னு எட்டு. பாலையும் தண்ணியையும் பிரிக்கிற அன்னம் ஒசத்தி, கொளத்தைக் கலக்கிவிட்டுத் தண்ணி குடிக்கிற எருமை கடைசி. கேக்க ஜாலியா இருந்தாலும் எனக்கு அது முழுசா ஒத்துக்கல, ஏன்னா காலையில அன்னமா இருக்கறவ மத்தியானம் பசியில எருமை ஆயிடுவா, என் புள்ளைங்கள்ல ஒருத்தியும் நாள் முழுக்க ஒரே பிராணியா இருந்தது இல்ல. அதைச் சொன்னேன். ஐயா சிரிச்சுட்டு, மாணாக்கரைப் பிரிச்சவரு ஆசிரியர் பாடம் சொல்ற முறைக்கு வரும்போது டைப்பைப் பாருன்னு சொல்லலியே டீச்சர்னு ரெண்டு வரி சொன்னாரு, நான் நோட்டோட அட்டையில எழுதி வச்சிருக்கேன்:

"விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து
கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள"

அவசரப்படாம, கோவப்படாம, விருப்பத்தோட, முகம் மலர்ந்து, வாங்கிக்கிறவன் எப்படி வாங்கிக்கிறானோ அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவன் மனசுல ஏறுற மாதிரி சொல்லணும். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுல எழுதுனது. கொள்வோன் யாருன்னு கேக்கல, கொள்வகை என்னன்னுதான் கேக்குறாரு. அதை விரல் ரேகையில இருந்து எடுக்க முடியாது, இன்னிக்கு இந்தப் பொண்ணு இந்த விஷயத்தை எப்படி வாங்கிக்கிறான்னு பக்கத்துல நின்னு பாத்தாத்தான் உண்டு. வெகுளான்னு வர்ற இடத்துல மட்டும் எனக்கு இன்னமும் பாஸ் மார்க் கிடையாது, அதைப் பேத்திகிட்ட கேட்டா சொல்லுவா.

பெரியவர் கேக்குற கேள்விக்கு வர்றேன், ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒவ்வொரு மாதிரின்னா பாரபட்சம் ஆயிடாதா. ஆகும், கவனமா இல்லன்னா கண்டிப்பா ஆகும், புள்ளைங்களுக்கு அந்த விஷயத்துல மூக்கு ரொம்ப கூர்மை. அதனால என் கிரவுண்டுல சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். 5.30க்கு மேல வந்தா ரெண்டு ரவுண்டு ஓடணும், என் சொந்தப் பேத்தியும் ஓடியிருக்கா. நகம் வெட்டாம வந்தா அன்னிக்கு ஆட்டம் இல்ல. மேட்ச்ல யாரு இறங்கணும்ங்கறது ஆட்டத்தை வச்சுத்தான். மாறுறது நான் சொல்ற விதம் மட்டும்தான், அதையும் முதல் நாளே எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன், நான் ஒருத்திகிட்ட கத்துவேன் இன்னொருத்திகிட்ட குசுகுசுன்னு பேசுவேன், ரெண்டும் ஒரே கணக்குதான், யாருக்காவது அது தப்பாத் தோணுனா என்கிட்ட வந்து கேளுங்கன்னு. கேட்டும் இருக்காங்க. ஒரு தடவை கேட்டது நியாயமாவும் இருந்துச்சு, ஒருத்தி மனசு கஷ்டப்படுவான்னு நான் சொல்லாமயே விட்டுட்ட தப்பை இன்னொருத்திக்கு மட்டும் சொல்லியிருக்கேன். எப்படிச் சொல்லணும்னு யோசிச்சு யோசிச்சு கடைசியில சொல்லாமயே விடுறது இருக்கு பாருங்க, அதுவும் ஒரு துரோகம்தான்.

அடியைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு விடுறேன். இன்னிக்கும் அப்பாக்கள் வந்து "நல்லா அடிச்சு சொல்லிக் குடுங்க மிஸ், கண்ணை மட்டும் விட்டுருங்க"ன்னு சொல்றாங்க, பாசமாத்தான் சொல்றாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009ல 17ஆவது பிரிவு ஒடம்பால அடிக்கறதையும் மனசால கொடுமைப்படுத்துறதையும் தடுத்திருக்கு, பள்ளிக்கூடத்துல அதுவே பேப்பர்ல இருக்கற அளவுக்கு நடப்புல இல்ல, கிரவுண்டுன்னு வந்துட்டா அது வேற உலகம்னு நெனச்சுக்கிறாங்க. உங்க விளையாட்டுப் பக்கத்துலயும், கோபிச்சுக்காதீங்க, ஜெயிச்ச டீமோட கோச்சைப் பத்தி எழுதும்போது கன்னத்துல அறைஞ்சாரு, அந்த அறைதான் என்னைச் சாம்பியன் ஆக்குச்சுன்னு வீராங்கனை சொல்றதைக் கொட்டை எழுத்துல போடுறீங்க. அந்த அறை அவளை ஆக்கியிருக்கலாம், நான் மறுக்கல, என் டீம் தங்கச்சிக்காரி மாதிரி ஒருத்தியா இருந்திருப்பா. அதே கையால அறை வாங்கி வீட்டுக்குப் போய் திரும்பி வராத பொண்ணுங்களை யாரும் பேட்டி எடுக்கறது இல்லையே, அவங்க கையில கோப்பை இல்லையே.

அதனால உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க நிருபர் ஜெயிச்ச டீமோட கோச்சைப் பாக்கும்போது எத்தனை கோப்பைன்னு கேட்ட கையோட, இந்த வருஷம் உங்ககிட்ட எத்தனை பேரு பாதியில நின்னுட்டாங்க, ஏன் நின்னாங்கன்னு தெரியுமான்னும் கேக்கச் சொல்லுங்க.

என்கிட்ட கேட்டா, போன வருஷம் 4 பேரு. ஒருத்தி குடும்பத்தோட திருப்பூருக்குப் போயிட்டா. ஒருத்திக்கு பத்தாவது பரிட்சை, மே மாசம் வர்றேன்னு சொல்லியிருக்கா. ஒருத்தியை வீட்டுல டவுசர் போட்டு ஆடக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, ஃபுல் பேன்ட் போட்டு ஆடட்டும்னு நான் சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன். நாலாவது பொண்ணு ஏன் நின்னான்னு எனக்குத் தெரியல. கடைசியா வந்த அன்னிக்கு அவகிட்ட என்ன பேசுனேன்னு நோட்டுல தேடிப் பாத்தேன், ஒண்ணும் எழுதல. ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குப் போலாம்னு இருக்கேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல் மாவட்டம்.